வேலம்மாவின் கல்வெட்டு

அன்று ஞாயிற்றுக்கிழமை காலை விஜேந்திரன் வீட்டு முன்னறையில் இருந்தவர்கள்: வீட்டுக்காரர் விஜேந்திரன், தம்புள்ளைக்கு இரண்டு மரக்கறி லொறி ஓட்டுபவர், தோட்டத்துக் கோயில் கமிட்டித் தலைவர்; அவருடைய அண்ணன் செல்லச்சாமி, எழுபத்தைந்து வயது, வெற்றிலை துப்பக் காலடியில் ஒரு பால்மா டின் வைத்திருந்தவர்; விஜேந்திரனின் மனைவி, கட்டிக்கொண்டு வந்து முப்பத்தேழு வருடமாகியும் அந்த வீட்டில் பெயர் சொல்லி அழைக்கப்படாமல், பிறந்த ஊரை வைத்துப் ‘பல்லேபொலக்காரி’யாகவே இருப்பவள்; மூத்த மகள் சுதர்சினி, முப்பத்தாறு வயது; இளைய மகள் தினுஷா, இருபத்துமூன்று; மாத்தளை டவுனில் கல்லில் எழுத்து வெட்டும் றிஷாத். ஏழாவது ஆளாகச் சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள், வேலம்மா.

வேலம்மா செத்துத் தொண்ணூறு வருடமாகிறது. விஜேந்திரனின் பாட்டனுக்குத் தாய். அவளைப் படம் பிடித்தவர் எவருமில்லை. சட்டத்துக்குள் இருந்தது, கண்டியில் கலண்டர்ப் படம் வரைகிற ஒருவரிடம் விஜேந்திரன் சொல்லிச் சொல்லி வரைவித்த முகம். பால்கோவா நிறம், ஏழுகல் மூக்குத்தி, வலது கையில் பிரம்பு, இடது கையில் அளவுகோல். காலடியில் கூடை சுமந்தபடி நாற்பது பேர், விரல் உயரத்துக்கு. அந்த நாற்பது பேருக்கும் முகம் போட ஓவியருக்கு நேரம் கிடைக்கவில்லை. சின்ன வயதில் அந்த மொட்டை முகங்களைப் பார்த்தால் சுதர்சினிக்குப் பயமாக இருக்கும். இப்போது அவள் சட்டத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள்.

“எழுதிக்கங்க தம்பி,” என்றார் விஜேந்திரன். மூக்குக் கண்ணாடியை நுனிக்குத் தள்ளிக்கொண்டு, கோயில் மைக்கில் பேசுகிற குரலில் தாளைப் பார்த்து வாசித்தார். “ஆயிரத்து எண்ணூத்தி நாப்பதாம் ஆண்டு, மன்னார் தொட்டு மாத்தளை வர காடு மலை கடந்து, நாப்பது குடிய நடத்தி வந்து இந்தத் தோட்டத்த உண்டாக்குன இருளாண்டிப் பெரியகங்காணியின் தர்மபத்தினி, குலவிளக்கு, வேலம்மா அம்மையார்.”

றிஷாத் பென்சிலைக் காதில் செருகினான். “மொதலாளி, கல்லு ரெண்டடிக்கு மூணடி. இவ்வளவையும் வெட்டினா எழுத்து எறும்பு மாதிரி வரும். வயசாளிகளுக்கு வாசிக்க ஏலாது.”

“வாசிக்கத் தேவல்ல தம்பி. இருந்தா போதும்,” என்றார் செல்லச்சாமி.

அந்தக் குடும்பத்துக்கு வரலாற்றின் மேல் இருந்த மரியாதை முழுவதும் அந்தப் பதிலில் அடங்கிவிட்டது என்று சுதர்சினி நினைத்துக்கொண்டாள். அவள் மடியில் ஒரு மஞ்சள் கோப்பு இருந்தது. றிஷாத் அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைப்பதற்கு முன் அவள் வாயைத் திறந்தாக வேண்டும். மறுநாள் திங்கள். தினுஷாவுக்குப் பரிசம் போடத் தம்புள்ளையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். வந்து, வெற்றிலைத் தட்டு கை மாறிவிட்டால் பிறகு பேச ஒன்றுமில்லை.

தினுஷாவுக்கு வேறொருவன் இருந்தான். கஜீபன். உக்குவளைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், நல்ல பையன், பீடி சிகரெட் கிடையாது, சம்பளத்தை அம்மாவிடம் கொடுக்கிறவன். குறை ஒன்றே ஒன்று. அவனுடைய அப்பா பணிய லயத்துக்காரர், சரிவின் அடியில் இருக்கும் வரிசை வீட்டு ஆள். கோயில் திருவிழாவில் தப்படிப்பவர். விஜேந்திரன் வகையறா மேட்டு லயத்து மேல்சாதிக் குடியான ஆட்கள், அதிலும் ஆள் சேர்த்து வேலை வாங்கிய கங்காணியின் குடும்பம். விஷயம் தெரிந்த அன்று தினுஷாவின் போன் போனது, அடையாள அட்டை அப்பாவின் அலுமாரிக்குள் போனது. மூன்று வாரமாக அவள் வாசற்படியைத் தாண்டவில்லை. “வேலம்மா வாழ்ந்த வீட்ல தப்படிக்கிறவன் மகன் செருப்பக் கழட்டுறதா?” என்று செல்லச்சாமி கேட்டார். அதோடு தீர்ப்பு முடிந்தது.

இதே தீர்ப்பைச் சுதர்சினி பதினோரு வருடத்துக்கு முன்பு கேட்டிருக்கிறாள். அவளுடைய ஆளின் பெயர் நிதுஷன். அவனும் பணிய லயம்தான். அன்று அவளை யாரும் அடிக்கவில்லை, பூட்டி வைக்கவில்லை. பெரியப்பா அவள் கையைப் பிடித்துக் கொண்டுபோய், குடும்பம் கும்பிடும் வேலம்மாவின் பெட்டிமேல் வைத்து, குலத்துக்குக் குறை வர விடமாட்டேன் என்று சத்தியம் செய்யச் சொன்னார். செய்தாள். அழுதுகொண்டு, ஆனால் கொஞ்சம் பெருமையோடும், ஏதோ பெரிய காரியம் செய்கிறவள் மாதிரி செய்தாள். நிதுஷன் டோஹாவுக்குப் போய், வந்து, கட்டி, இரண்டு பிள்ளைக்கு அப்பன் ஆகிவிட்டான். அந்தக் குலக்கதையை அவள் நம்பினாள். பதினோரு வருடத்தில் அவளுக்குத் தன்மேல் வந்த அருவருப்பெல்லாம் அந்த ஒரு சொல்லில் இருந்தது.

வேலம்மாவைத் தேடிப் போகச் சொன்னவர் அப்பாதான். சுதர்சினிக்கு மாத்தளை அரசாங்கக் கச்சேரி அலுவலகத்தில் பழைய பதிவேடுகள் இருக்கும் அறையில் வேலை. “நீ பழைய பொஸ்தகத்துக்குள்ளதான இருக்க, தொண்ணூறாவது வருசத்துக்குக் கல்லு வைக்கப் போறோம், நாலு வரி எடுத்துக் குடு,” என்று ஐப்பசியில் சொன்னார். மகளுக்கு ஒரு வேலை கொடுத்த நினைப்பு அவருக்கு. அவளும் முதலில் நாலு வரிக்குத்தான் தேடினாள்.

முதலில் அகப்பட்டது சாவுப் பதிவு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தைந்து, தை மாதம். மலேரியா ஊர் ஊராக அள்ளிக்கொண்டு போன வருடம் அது. அந்த மாதத்துப் பக்கங்களில் எழுதியவரின் கையெழுத்தே வர வரத் தளர்ந்து கோணிப் போயிருந்தது. வேலம்மா, பெண், எழுபது வயது, காய்ச்சல், பிறந்த இடம் இதே தோட்டம். எழுபதைக் கழித்தால் ஆயிரத்து எண்ணூற்று அறுபத்தைந்து. அதாவது, நாற்பது குடிகளை நடத்திக்கொண்டு இருளாண்டியோடு அவளும் காடு மலை கடந்து வந்ததாகச் சொல்லும் வருடத்தில் அவள் பிறக்கவேயில்லை. அவளைப் பெற்றவளே பிறந்திருப்பாளோ என்னவோ. அவள் பதினைந்து வயதுக் குமரியானபோது மாத்தளைக்கு ரயில் வந்துவிட்டது. மன்னாரிலிருந்து அவள் நடந்ததற்கு ஒரே சாட்சி கண்டிக் கலண்டர்காரரின் தூரிகை.

அப்பாவிடம் சொன்னாள். “வருசம் முன்ன பின்ன இருக்கும். அத வச்சுக்கிட்டு நோண்டாத,” என்றார்.

அவள் நோண்டினாள். தோட்டத்துப் பழைய ஆபிஸான கந்தோரில், பயன்படாத அலுமாரிக்குள், எலிப் புழுக்கைக்கும் செத்த கரப்பான்களுக்கும் கீழே, காப்பி பயிரிட்ட காலத்து வெள்ளைத் துரை ஒருவனின் குறிப்புக் கொப்பி கிடந்தது. கிளாக்கர் மூக்கைப் பொத்திக்கொண்டு சாவியைக் கொடுத்தார். அந்தத் துரை எதையும் எழுதிவைக்கிற ஆள். பிறந்தது, செத்தது எல்லாம் தேதிவாரியாக. ஒரே பக்கத்தில் தோட்டத்து ஆட்கள், குதிரைகள், நாய்கள். நாய்களுக்கு முழுப்பெயர் இருந்தது. நாய் ஒன்று செத்த நாளில் மூன்று வரி எழுதியிருந்தான். அதே நாளில் செத்த ஒரு குழந்தைக்கு, ‘பெண், ஒரு மாதம்’ என்று மட்டும். சுதர்சினி சனிக்கிழமைகளில் போய் உட்கார்ந்து, மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு பக்கம் பக்கமாகப் படம் எடுத்தாள். வீட்டுக்கு வந்து இரண்டு முறை கை கழுவினாலும் அந்த எலி நாற்றம் போகாது.

ஆயிரத்து எண்ணூற்று எண்பத்து நான்காம் வருடம்: ஆண் குழந்தை, மாரிமுத்து. தாய் வேலம்மா. தகப்பன் சடையன், தப்படிப்பவன்.

மாரிமுத்து செல்லச்சாமிக்கும் விஜேந்திரனுக்கும் பாட்டன். கோயில் சுவரில் ‘இருளாண்டிக் கங்காணி மகன் மாரிமுத்துக் கங்காணி’ என்று இன்றைக்கும் இருக்கிறது.

அவள் அந்த வரியைப் பலமுறை படித்தாள். பிறகு சடையனைத் தேடினாள். அந்த வருடங்களில் காப்பி செத்துக்கொண்டிருந்தது. இலையில் மஞ்சள் பொடி மாதிரி நோய் விழுந்து, மலை மலையாகச் சருகானது. துரைமார் பலர் விட்டுவிட்டுக் கப்பல் ஏறினார்கள். மிஞ்சியவர்கள் தேயிலைக்குக் காடு வெட்டினார்கள். எண்பத்தாறில் இந்தத் தோட்டத்திலிருந்து லக்கல பக்கம் காடு வெட்ட இருபத்துமூன்று ஆண்களை அனுப்பியிருக்கிறார்கள். யார் போவது, யார் இருப்பது என்பது கங்காணி கையில். கல்யாணமானவர்கள் குடும்பத்தோடு போனார்கள். சடையன் பெயருக்கு எதிரே மட்டும் துரை ஒரு குறிப்பு எழுதியிருந்தான்: ‘பெண்டாட்டி இங்கேயே நிறுத்தப்பட்டாள். கங்காணி கேட்டுக்கொண்டபடி.’ நான்கு மாதம் கழித்து, ‘சடையன், காய்ச்சல், லக்கல பாதையில் செத்துக் கிடந்தான். தகவல் தந்தவர்: இருளாண்டிக் கங்காணி.’ ஒரு வரி. அதற்குக் கீழே ஒரு குதிரைக்கு லாடம் அடித்த விவரம்.

எண்பத்தெட்டிலும் தொண்ணூற்றொன்றிலும் வேலம்மாவுக்கு இரண்டு குழந்தைகள். தகப்பன் இருளாண்டி. இரண்டும் வருடம் திரும்புமுன் செத்தன. தர்மபத்தினி என்று ஒருத்தி இருந்தாள்தான்; தொண்ணூறில் ‘கங்காணியின் மனைவி’ செத்ததாக இருக்கிறது. அவளுக்குப் பெயர் எழுதப்படவில்லை. கங்காணிக்கு வேறு பிள்ளை எதுவும் பதிவில் இல்லை. கங்காணி மண்டையைப் போட்டபோது அவனுக்குக் கொள்ளி வைக்க வேலம்மாவின் முதல் மகன் ஒருவன்தான் மிஞ்சியிருந்தான். கொள்ளி வைத்தவனுக்குத் தலைப்பாகை கட்டினார்கள். அப்பனைக் காட்டுக்கு அனுப்பியவனுக்கு மகனாகிவிட்டான் மாரிமுத்து.

ஆக, கங்காணி ரத்தம் என்று இவர்கள் கொண்டாடியதில் ஒரு சொட்டுக்கூடக் கங்காணியுடையது இல்லை. இருந்திருந்தால் மட்டும் என்ன பெருமை என்று சுதர்சினிக்குத் தோன்றியது. ஒரு பக்கம் பெண்டாட்டியைப் பறித்தவன், ஒரு பக்கம் பறிகொடுத்த அப்பனின் பெயரை விழுங்கியவன். இரண்டில் எது குலவிளக்கு.

மிச்சமிருந்தது பெட்டி. தை கடைசி வெள்ளிக்கிழமை வேலம்மாவுக்குப் படையல். பித்தளைப் பூண் போட்ட பெட்டியைத் திறந்து, மஞ்சள் பூசி மஞ்சள் பூசித் தோல் தடித்த இரண்டு குச்சிகளைத் தாம்பாளத்தில் வைத்து, விஜேந்திரன் தலையில் சுமந்து கருவறை வரை கொண்டுபோவார். ஒன்று குட்டையாகத் தடித்தது, அளவுகோல். ஒன்று நீளமாக ஈர்க்குப் போல மெலிந்தது, பிரம்பு. நாற்பது குடிகளை ஒழுங்குபடுத்திய பிரம்பு. கோயிலுக்கு முன்னால் பத்து எட்டுத் தள்ளிச் சுண்ணாம்பில் ஒரு கோடு போட்டிருக்கும். தப்படிக்கிறவர்கள் அதற்கு அப்பால் நின்றுதான் அடிக்க வேண்டும். கஜீபனின் அப்பா அந்தக் கோட்டுக்கு அப்பால் நாற்பது வருடம் நின்று அடித்திருக்கிறார்.

கார்த்திகையில் ஒரு நாள், வீட்டில் தினுஷாவின் விஷயம் தெரிவதற்கு முன்பே, மாத்தளை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் கஜீபனிடம் சுதர்சினி தன் போனிலிருந்த படத்தைக் காட்டினாள். பழைய படையல் ஒன்றில் எடுத்தது. அவன் பெரிதாக்கிப் பார்த்தான்.

“அக்கா, இது யாரு வீட்டு அடிக்குச்சி? இப்பிடி மஞ்சளப் பூசி நாசமாக்கி வச்சிருக்காங்க.”

“எது?”

“இந்தக் குட்டைதான் அடிக்குச்சி. வலது கை. நீட்டு சிம்புக்குச்சி, மூங்கில்ல சீவுனது. ரெண்டும் சேர்ந்துதான் தப்பு. எங்க வீட்டுக் கூரைல இந்த மாதிரி ஏழெட்டுச் சொருகியிருக்கும்.” சிரித்தான். அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினான். “எங்கக்கா இருக்கு இது?”

அவள் சொன்னாள். அவன் போனை அவள் பக்கம் தள்ளினான். “எங்கப்பாகிட்டச் சொல்ல வேணாங்க்கா,” என்றான் பிறகு. “தாங்க மாட்டாரு.”

புருஷனுடைய குச்சியை ஒருத்தி சாகும்வரை ஒளித்து வைத்திருக்கிறாள். அவள் பெற்றவன் அதைக் கடவுளாக்கி, அப்பனின் ஆட்களைக் கோட்டுக்கு அப்பால் நிறுத்திவிட்டான். பதினோரு வருடத்துக்கு முன்பு சுதர்சினி, தப்படிப்பவன் மகனைக் கட்டமாட்டேன் என்று தப்புக்குச்சியின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்திருக்கிறாள். அன்று பஸ்ஸில் வரும்போது ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வாந்தி எடுத்தாள். மலைப்பாதை ஒத்துக்கொள்ளவில்லை என்று பக்கத்து இருக்கைக்காரி முகர்ந்துகொள்ளத் தேசிக்காய் கொடுத்தாள்.

“அப்பா,” என்றாள் சுதர்சினி இப்போது. “ஒரு திருத்தம் இருக்கு.”

“சொல்லு. எழுத்துப் பிழையா?”

“இல்லங்கப்பா. புருசன் பேரு பிழை.”

வெளியாள் ஒருவன் இருக்கும்போது பேச வேண்டும் என்று அவள் முன்பே முடிவு செய்திருந்தாள். வெளியாள் முன்னால் அப்பா கை நீட்டமாட்டார். கோப்பைத் திறந்து, நகல் படிகளை ஒவ்வொன்றாக ஸ்டூலில் வைத்து, தேதியும் பெயருமாக வாசித்தாள். குரலை உயர்த்தவில்லை. மாரிமுத்து. சடையன். லக்கல. இறந்த இரண்டு குழந்தைகள். கடைசியாகப் பெட்டிக்குள் இருக்கும் இரண்டு குச்சிகள். றிஷாத் தலையைக் குனிந்து, கல்லின் அளவைத் தாளில் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருந்தான். தினுஷா சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். அம்மா தேத்தண்ணித் தட்டோடு உள்வாசலில் நின்றவள் நின்றபடியே இருந்தாள்.

“இந்தக் கல்லுல அந்தப் பொய்ய வெட்டாதீங்க. நாளைக்கு அவங்கள வர வேணாமுன்னு சொல்லிருங்க. தினுஷாவ விட்டுருங்க,” என்று முடித்தாள் சுதர்சினி. “இல்லாட்டி இந்தத் தாளெல்லாம் நாளைக்குக் கோயில் சுவத்துல ஒட்டியிருக்கும்.”

அப்பாவின் முகம் வெளிறும் என்று எதிர்பார்த்தாள். மூன்று மாதமாக அவள் மனசுக்குள் ஓட்டிப் பார்த்த காட்சியில் அவர் நாற்காலியில் சரிவார். விஜேந்திரன் சரியவில்லை. அண்ணனைப் பார்த்தார். செல்லச்சாமி நிதானமாகத் துப்பிவிட்டு, தோளிலிருந்த துண்டால் வாயைத் துடைத்தார்.

“இதுக்கா மூணு மாசம் எலிப் புழுக்கைய நோண்டுன? என்கிட்டக் கேட்டிருந்தா வெத்தல மடிக்கிற நேரத்துல சொல்லியிருப்பேனேம்மா.”

சுதர்சினிக்கு முதலில் புரியவில்லை.

“எங்கய்யா சாகக் கெடக்கிறப்ப என்கிட்டச் சொன்னாரு. நான் ஒங்கப்பனுக்குச் சொன்னேன். ஆம்பளைக்கு ஆம்பள சொல்லிக்கிட்டு வர்ற சங்கதி. பொட்டச்சிங்களுக்கு எதுக்கு? வயித்துல ஒண்ணும் தங்காது.” அவர் சுண்ணாம்பை விரலில் எடுத்தார். “கோயிலுக்கு முன்னால கோடு எதுக்குன்னு நெனச்சிருக்க? தீட்டுக்கா?”

கேட்டுவிட்டு அந்தச் சுண்ணாம்பை வெற்றிலையில் தடவினார்.

“தப்படிக்கிறவன் கிட்ட வந்தான்னா குச்சியப் பாத்துருவான். பாத்தா ஒரு பார்வைல தெரிஞ்சுபோயிரும். அதான் பத்து எட்டு. எங்க தாத்தா மாரிமுத்து போட்ட கோடு. ஆளு படிக்கல, கைநாட்டு. ஆனா மூளைய பாரு.”

அவர் பெருமையாகச் சொன்னார். வெட்கப்பட்டிருந்தால் சகித்திருக்கலாம். வெற்றிலைக்கறை ஏறிய பல்லும் ஈறும் தெரிய, பேரப்பிள்ளை பரீட்சையில் பாஸ் பண்ணியதைச் சொல்கிற மாதிரி சொன்னார்.

“என் கையப் புடிச்சுப் பெட்டில வச்சது நீங்கதானே பெரியப்பா. அன்னைக்கும் தெரியுமா?”

“தெரியும்.”

“அப்பாவுக்கும்?”

“சத்தியமுன்னா சத்தியம்தாம்மா. எந்தக் குச்சியா இருந்தா என்னா,” என்றார் செல்லச்சாமி.

விஜேந்திரன் படிகளை ஒன்று சேர்த்து, ஓரம் தட்டி, அவள் மடியில் வைத்தார். கோபமே இல்லை. “ஒட்டு. தாராளமா ஒட்டு. யாரு வாசிப்பா? இங்கிலீசுல கெடக்கு. வாசிச்சாலும் எவன் வாயத் தொறப்பான்? பாதிப் பேரு என் லொறில சாமான் ஏத்துறவன். மீதிப் பேருக்குக் கமிட்டில கையெழுத்து வேணும். நீ என்னமோ பெருசாக் கண்டுபுடிச்ச மாதிரி. நாம என்னா சாதின்னு தீர்மானிக்கிறது அந்தத் தொர கொப்பியா? கோயில்ல மொத மாலை யாருக்கு விழுதோ அவன்தான் குடியானவன். நூறு வருசமா நமக்கு விழுது.”

உண்மை என்பது அதைக் கண்டு பயப்படுகிறவனிடம்தான் செல்லுபடியாகும் என்பதைச் சுதர்சினி யோசிக்கவில்லை. இவர்கள் அதைச் சின்ன வயதிலிருந்தே தின்று செரித்தவர்கள். அவள் மூன்று மாதம் துடைத்துத் தீட்டிக் கொண்டுவந்த கத்தியை வாங்கி, இந்த மனுஷன் முதுகு சொறிந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். தினுஷா மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாள்.

“எனக்குத் தெரியாதே,” என்றாள் அம்மா.

குரல் எங்கிருந்து வந்தது என்று எல்லாரும் திரும்பினார்கள். அவள் இன்னும் தட்டோடு நின்றாள். கோப்பைகளில் பாலாடை படிந்திருந்தது.

“ஒனக்கு என்னத்துக்கு? வச்சிட்டு உள்ள போ,” என்றார் விஜேந்திரன்.

“எங்கய்யாவுக்குத் தேங்காச் சிரட்டைல தேத்தண்ணி குடுத்தீங்க.”

“என்னா?”

“பல்லேபொலையில எங்கய்யா, தப்படிக்கிறவங்க வீட்டுக் கல்யாணத்துல ஒரு வாய் சாப்புட்டுட்டாருன்னு. சிநேகிதன் வீடு, கூப்புட்டாங்க, சாப்புட்டாரு. அத ஒங்கம்மா கேள்விப்பட்டு, எங்கய்யா என்னப் பாக்க வர்றப்பெல்லாம் அந்தா அந்தப் படில ஒக்கார வச்சு, சிரட்டைல குடுப்பாங்க. குடிச்சிட்டுச் சிரட்டையத் தானே கொண்டுபோய் வீசணும். பதினெட்டு வருசம் வந்தாரு. பதினெட்டு வருசமும் சிரட்ட. நான்தான் ஊத்திக் குடுத்தேன்.”

அவள் அழவில்லை. கணக்குச் சொல்கிற மாதிரியும் சொல்லவில்லை. கறியில் உப்பு இல்லை என்று சொல்கிற மாதிரி, சொல்லிவிட்டு யோசித்தாள்.

“எங்கய்யா செத்த வீட்ல நீங்க பச்சத்தண்ணி குடிக்கல. ஒங்கண்ணன் வெளிய லொறிலயே இருந்தாரு. சரி, அவங்க வேலம்மா வம்சம், நம்ம கொறஞ்ச வகையறான்னு எங்கம்மாவே சொன்னிச்சு.” செல்லச்சாமியைப் பார்த்தாள். முப்பத்தேழு வருடத்தில் அவள் அவரை நேராகப் பார்த்து யாரும் கண்டதில்லை. “அன்னைக்கும் ஒங்களுக்குத் தெரியும்.”

“ஏ பல்லேபொல,” என்றார் செல்லச்சாமி, “ஆள் இருக்கிற எடத்துல என்னா பேச்சு.”

ஆள் எழுந்துவிட்டான். “மொதலாளி, நான் பொறவு வரட்டா?” றிஷாத்துக்கு நெற்றி வேர்த்திருந்தது.

“அது நல்லம்,” என்றார் விஜேந்திரன். இடுப்பிலிருந்து சாவியை எடுத்துப் போய் முன்கதவைத் திறந்தார். மூன்று வாரமாகப் பகலிலும் அந்தக் கதவு உள்பக்கம் பூட்டித்தான் இருந்தது. வெளிச்சம் உள்ளே விழுந்தது. றிஷாத்தின் சின்ன வேன் வாசலிலேயே நின்றது. “புதன்கெழம கல்லு வேணும். நான் வாசிச்சபடியே வெட்டுங்க.”

“அப்ப அந்தப் புருசன் பேரு…”

“வாசிச்சபடியே.”

றிஷாத் தலையாட்டிவிட்டு இறங்கினான். விஜேந்திரன் சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டு அண்ணன் பக்கம் திரும்பி, பரிசத்துக்கு வாங்க வேண்டிய பழத்தைப் பற்றி ஏதோ சொல்லத் தொடங்கினார். அவரைப் பொறுத்தவரை விஷயம் முடிந்துவிட்டது.

அம்மா தட்டை ஸ்டூலில் வைத்தாள். தரையில் உட்கார்ந்திருந்த தினுஷாவின் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கினாள். உள்ளே கூட்டிப் போகிறாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள், சுதர்சினியும் நினைத்தாள். அம்மா வாசல் பக்கம் நடந்தாள்.

“தம்பி, இவளையும் டவுன்ல எறக்கி விட்டுருங்க.”

வேனுக்குள் ஒரு காலை வைத்திருந்த றிஷாத் அப்படியே நின்றான். “அம்மா, எனக்குப் பிரச்சின வந்துரும்.”

“வராது. பெத்தவதான் ஏத்திவிட்டான்னு சொல்லுங்க.” றிஷாத் வேனின் மறுபக்கக் கதவைத் திறந்துவிட்டான்.

தினுஷா வீட்டில் போடுகிற நிறம் வெளுத்த சட்டையோடு, வெறுங்காலோடு நின்றாள். என்ன நடக்கிறது என்று அவளுக்கே இன்னும் பிடிபடவில்லை. அம்மா தன் செருப்பை உதறி அவள் பக்கம் தள்ளினாள். சுதர்சினிக்குக் கை தானாக ஓடியது. கோப்பில் கடைசியாக இருந்த தாள் வேலம்மாவைப் பற்றியதல்ல. வெள்ளிக்கிழமை கச்சேரியில் எடுத்த தினுஷாவின் பிறப்பு அத்தாட்சிப் படி. கல்யாணப் பதிவுக்கு அது போதும். அதை உருவித் தங்கையின் கையில் திணித்தாள்.

“அக்கா, நீ?”

“போடி.”

விஜேந்திரன் அப்போதுதான் திரும்பிப் பார்த்தார். இரண்டு எட்டில் வந்தார். சுதர்சினி குறுக்கே நின்றாள். அவள் அவருடைய உயரம்தான். அதை இருவரும் அன்றுதான் கவனித்தார்கள். அவர் கையை ஓங்கினார். அவள் முகத்தை விலக்கவில்லை. கன்னத்தில் அடி விழுந்தது, காது அடைத்தது, அவர் சட்டையை அவள் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பெரியப்பா நாற்காலியிலிருந்து எழ முயன்று, முட்டி பிடித்துக்கொண்டு, “கதவு, கதவு” என்றார்.

“அதத்தான் பண்றேன்,” என்றாள் அம்மா.

தினுஷாவின் முதுகில் கை வைத்துப் படியிறக்கிவிட்டு, அம்மா உள்ளே நின்றபடி கதவை இழுத்துச் சாத்தினாள். சாவியை இரண்டு தடவை திருப்பிப் பூட்டி, உருவி, ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டாள்.